‘பார்ட்டி டவுன்’ தொடர்: பார்த்தவர்கள் பகிர்வு

பதிவு 1

அமெரிக்காவின் ஸ்டார்ஸ் சேனலில் 2009 மார்ச்சில் தொடங்கி 2010 ஜூனில் நின்றுபோன தொடர். இரண்டு சீசன், தலா 10 எபிசோட். பிறகு 2023-இல் ஆறே எபிசோடுகளோடு மூன்றாவது. ஒவ்வொரு எபிசோடும் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் ஒரு விருந்து. வெள்ளைச் சட்டை, பிங்க் போ டை போட்ட அதே பரிமாறும் குழு; பெரும்பாலும் சினிமா வாய்ப்புத் தேடுபவர்கள். தனித்தனிக் கதைதானே என்று இஷ்டத்துக்கு எடுத்துப் பார்க்காதீர்கள். ஹென்றி (ஆடம் ஸ்காட்) நடிப்பைக் கைவிட்டவன். ஊருக்கு அவனைத் தெரிவது ஒரு பீர் விளம்பர வசனத்தால்தான். பாரில் சரக்கு ஊற்றிக்கொண்டிருப்பவனிடம் “அதை ஒரு தடவை சொல்லேன்” என்று விருந்தினர்கள் நச்சரிப்பார்கள். முதல் எபிசோடைப் பார்க்காமல் விட்டால் இதன் வலி பிடிபடாது.

பதிவு 2

கேட்டரிங் பக்கத்தையும் சொல்லவேண்டும். ஆடிஷன் பெரும்பாலும் பகலில், அதுவும் கடைசி நேரத்தில்தான் சொல்வார்கள். விருந்து வேலை மாலையிலும் வார இறுதியிலும். வேண்டாமென்றால் அந்த ஷிஃப்டை விட்டுவிடலாம். லாஸ் ஏஞ்சல்ஸில் வாய்ப்புத் தேடும் நடிகர்கள் இந்த வேலைக்கு வருவது அதனால்தான்.

50 முதல் 75 பேருக்கு ஒரு பார்டெண்டர், ஆளுக்கு அரைக் கிலோவுக்குக் குறையாமல் ஐஸ் என்பது பொதுவான கணக்கு. தட்டில் கனமான கிளாஸ் நடுவில், கைக்கு நேர் மேலே இருக்கவேண்டும். ஒரே பக்கமாக எடுத்தால் தட்டு சாய்ந்துவிடும். இவ்வளவு சின்னக் குழுவில் ஒருவர் நழுவினாலும் பாரில் வரிசை நீளும், தட்டு சுற்றுவது நிற்கும். தொடரின் பாதிக் காமெடி இதுதான்: குழுவில் இருக்கும் காமெடி நடிகை கேஸி போனோடு ஒதுங்குவாள், திரைக்கதை எழுதும் ரோமன் யாராவது தயாரிப்பாளர் பின்னால் போவான், பழியெல்லாம் டீம் லீடர் ரான் தலையில். சூப் கடை ஃபிராஞ்சைஸ் கனவோடு அத்தனையையும் தாங்குகிற ரானாக கென் மரீனோ. பாவம் மனுஷன்!

பதிவு 3

குழுவில் ஒருவராக நடித்த ஜேன் லிஞ்ச் ‘க்ளீ’ தொடருக்குப் போய்விட்டதால் முதல் சீசனின் கடைசி இரண்டு எபிசோடுகளில் ஜெனிஃபர் கூலிட்ஜ் வருகிறார். இரண்டாவது சீசனில் அந்த இடத்துக்கு மேகன் முல்லாலி. மூன்றாவதில் கேஸியாக நடித்த லிஸி கேப்ளன் முழுநேரமாக இல்லை. அந்தக் குறை தெரியத்தான் செய்கிறது.

நண்பர்களை இந்தத் தொடருக்கு இழுக்க ஒரே எபிசோட் போதுமென்றால், இரண்டாம் சீசனின் ஐந்தாவது. நடிகர் ஸ்டீவ் குட்டன்பெர்க் அதில் ஸ்டீவ் குட்டன்பெர்க்காகவே வருகிறார். அவருடைய பிறந்தநாள் கொண்டாட்டம் ஏற்கெனவே முடிந்துவிட்டது; கேட்டரிங்கை ரத்து செய்ய மறந்துவிட்டார். பரிமாற வந்தவர்களையே விருந்தாளிகளாக உட்காரவைக்கிறார். ரோமனின் அறிவியல் புனைவுத் திரைக்கதையை எல்லோரும் சேர்ந்து வாசிக்கிறார்கள். இவர்கள் திறமையில்லாமல் தட்டுத் தூக்கவில்லை என்பது அந்த வாசிப்பில்தான் உறைக்கும்.

சப்டைட்டில் போட்டே பாருங்கள். நல்ல வசனங்கள் பல, சமையல் மேசைப் பக்கம் முணுமுணுப்பாகவே போய்விடும்.