சந்தேக எண்ணமும் மனநிலை ஏற்ற இறக்கமும்: மாத்திரைக்கு யாரிடம் போவது, என்ன சொல்வது?

கடையம்_ரயிலடி

சித்தி மகன், வயசு 23. நாலு மாசமா தெருவுல யார் சிரிச்சாலும் தன்னைப் பத்தித்தான்னு சொல்லுதான். போனை ஒட்டுக்கேக்காங்கன்னு சிம்மை ஒடிச்சுப் போட்டுட்டான். நடுவுல ஒரு வாரம் ராத்திரி முழுக்க முழிச்சிருந்து தொழில் திட்டமா எழுதித் தள்ளுவான். அடுத்த பத்து நாள் போர்வையை விட்டு எந்திரிக்க மாட்டான். பக்கத்துல ஒரு பொது டாக்டர் எஸ்சிடலோபிராம் 10 மி.கி. எழுதினாங்க. மூணு வாரம் ஆச்சு. இப்போ தூக்கம் 2 மணி நேரம்தான், பேச்சு நிக்கவே மாட்டேங்குது.

பாளை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகவா, தனியாரா? என்ன மாத்திரை கொடுப்பாங்க, எத்தனை நாள்ல கேக்கும்? அவன் வரவே மாட்டேங்கான். சாப்பாட்டுல கலந்து கொடுத்துருவோமான்னு சித்தி கேக்காவ.

பாளை_மருந்தாளுநர்

அண்ணாச்சி, டாக்டர்கிட்ட முதல் வாக்கியமா இதைச் சொல்லுங்க: "எஸ்சிடலோபிராம் ஆரம்பிச்ச பிறகு தூக்கம் 2 மணி நேரமாச்சு." மத்தது எல்லாம் பிறகு. மனநிலை மேலயும் கீழயும் போற ஆளுக்கு எஸ்சிடலோபிராம் மாதிரி சோர்வு மாத்திரையை மட்டும் தனியா கொடுத்தா, சில பேரை அது மேல தூக்கி விட்டுரும். சோர்வா இருந்த நாள்ல போய்ப் பாத்திருப்பீங்க, எழுச்சி நாளைப் பத்தி யாரும் கேட்டிருக்க மாட்டாங்க, நீங்களும் சொல்லியிருக்க மாட்டீங்க. பெரும்பாலும் மனநல மருத்துவர் அதை நிறுத்திருவாங்க. இதுக்கு அடுத்த மாசம்னு தேதி வாங்காதீங்க, இந்த வாரமே போங்க.

உங்களுக்குத் தென்காசி அரசு தலைமை மருத்துவமனை கிட்ட. பாளை ஹைகிரவுண்டு மருத்துவக் கல்லூரியில மனநலப் பிரிவு தனியா இருக்கு. படுக்கையில சேர்க்க வேண்டி வந்தா அங்க போறது நல்லது. ரெண்டு இடத்துலயும் மாத்திரை இலவசம். காலையிலேயே ஓ.பி. சீட்டு போட்டுருங்க. இதுவரைக்கும் தின்ன மாத்திரையோட காலி அட்டையை எல்லாம் பைக்குள்ள போட்டு எடுத்துட்டுப் போங்க. "வெள்ளை மாத்திரை, நடுவுல கோடு"ன்னு சொன்னா எங்களுக்கே தெரியாது.

வார்டு_செவிலி

மருந்து எது என்பதைத் தீர்மானிப்பது ஒரே ஒரு கேள்வி: சந்தேகம் எப்போது வருகிறது? எழுச்சியிலோ சோர்விலோ மட்டும் வந்து, மனம் சமநிலைக்கு வந்ததும் போய்விட்டால் இருதுருவக் கோளாறு (எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) பக்கம் யோசிப்பார்கள். மனநிலை சரியாக இருக்கும்போதும் இரண்டு வாரமோ அதற்கு மேலோ சந்தேகம் தனியாக நின்றால் அது வேறு. முதல் வகைக்கு மனநிலையை நிலைப்படுத்தும் மருந்துதான் முதுகெலும்பு. இரண்டாவதற்குச் சந்தேகத்தைக் குறைக்கும் மருந்து நீண்ட காலம் வேண்டும்.

பத்து நிமிட ஓ.பி.யில் டாக்டரால் இதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு நோட்டில் நாள்வாரியாக மூன்று கட்டம் போடுங்கள்: தூங்கிய மணி, மனநிலை (மிகச் சோர்வுக்கு −3, மிக எழுச்சிக்கு +3), சந்தேகப் பேச்சு இருந்ததா இல்லையா. பழைய நான்கு மாதத்தையும் ஞாபகம் இருக்கும் அளவுக்கு எழுதுங்கள். கோவில் கொடைத் திருவிழா, தேர்வு, வேலை போன நாள் எல்லாம் குறித்தால் நல்லது. கொடைக்கு மூன்று ராத்திரி தொடர்ந்து முழித்ததே சிலருக்கு எழுச்சியைக் கிளப்பிவிடும்.

கஞ்சா, குடி இருந்தால் மறைக்காதீர்கள், அவனை வெளியே உட்கார வைத்துவிட்டாவது சொல்லுங்கள். வலிப்பு, தலையில் அடி, ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு எடுத்தது எதுவானாலும் சொல்ல வேண்டும். தைராய்டு, கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), சர்க்கரை, கல்லீரல் சோதனை எழுதுவார்கள். சும்மா எழுதுவதல்ல. தைராய்டு கூடினாலும் தூக்கம் போய்ப் படபடப்பு வரும். மற்றவை மருந்து தொடங்கும் முன் அளவு என்ன என்று தெரிவதற்கு.

மனநல_சமூகப்பணி

சோற்றில் கலப்பது பற்றி மட்டும். வேண்டாம். சாப்பாட்டில் ஏதோ போடுகிறார்கள் என்று ஏற்கெனவே நினைக்கக்கூடிய பையன், ரசத்தின் அடியில் கரையாத வெள்ளைத் துணுக்கைப் பார்த்தால் என்ன ஆகும்? அவன் சந்தேகப்பட்டது சரி என்று நீங்களே காட்டிக்கொடுத்த மாதிரி. பிறகு அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான்.

"உனக்குப் பைத்தியம், டாக்டரைப் பார்" என்று ஆரம்பித்தால் வர மாட்டான். யார் ஒட்டுக்கேட்கிறார்கள் என்று வாதாடவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். "எனக்கு அப்படித் தெரியலை, ஆனா நீ ராத்திரி படுற பாடு தெரியுது. தூக்கத்துக்காவது ஒரு மாத்திரை கேட்டு வாங்குவோம்." தூக்கம் என்றால் பெரும்பாலானவர்கள் சம்மதிப்பார்கள், அதில் பொய்யும் இல்லை. கூட வருவது அவன் நம்பும் ஒருவராக இருக்கட்டும். ஆறு பேர் சேர்ந்து வேனில் ஏற்றினால் அதுவே கடத்தல் என்று ஆகிவிடும்.

முதலில் நீங்கள் மட்டும் 14416-க்குப் பேசலாம். அது டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும், தமிழிலும் பேசுவார்கள், இலவசம். சாகப்போகிறேன் என்று சொன்னாலோ, அடிக்க வந்தாலோ, இரண்டு நாளாகச் சோறு தண்ணீர் இல்லை என்றாலோ காத்திருக்காமல் 108.

கல்யாணம் பேசும்போது வெளியே தெரியுமோ என்று சித்தி நிச்சயம் கேட்பார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அவனுடைய சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டியது மருத்துவமனையின் கடமை.

கடையம்_ரயிலடி

மூணு வாரம் கழிச்சு எழுதுதேன். வந்தான். எஸ்சிடலோபிராமை நிறுத்திட்டாங்க. மனநிலையை நிலைப்படுத்த லித்தியம் 300 மி.கி. காலையும் ராத்திரியும், சந்தேகத்துக்கு ரிஸ்பெரிடோன் 2 மி.கி. ராத்திரி, அதோட பக்கவிளைவுக்குப் பேசிடேன் 2 மி.கி. காலையில. தூக்கம் 7 மணி நேரம் வந்துட்டு. ஆனா சந்தேகம் பாதிக்கு மேல அப்படியே இருக்கு. போன வாரத்துல இருந்து ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கான், முற்றத்துக்கும் அடுக்களைக்கும் நடந்துக்கிட்டே இருக்கான். நோய் கூடுதுன்னு சித்தி மாத்திரையை நிறுத்தப் பாக்காவ.

வார்டு_செவிலி

நிறுத்த வேண்டாம், ஆனால் அடுத்த தேதி வரை காத்திருக்கவும் வேண்டாம். உட்காரச் சொல்லிப் பாருங்கள். கால் தானாக ஆடுகிறதா, எழுந்து நடந்தால்தான் நிம்மதி என்கிறானா? அப்படியானால் அது பெரும்பாலும் ரிஸ்பெரிடோனின் பக்கவிளைவு, நோய் அல்ல. இதை நோய் என்று தவறாகப் படித்து மருந்தைக் கூட்டினால் நடை இன்னும் கூடும். அளவைக் குறைப்பார்கள், அல்லது இந்த நிலைகொள்ளாமையை அடக்கப் புரோப்ரனலால் என்ற மாத்திரையைச் சேர்ப்பார்கள், அல்லது மருந்தையே மாற்றுவார்கள். பேசிடேன் கைகால் இறுக்கத்துக்கும் நடுக்கத்துக்கும் நன்றாகக் கேட்கும், இந்த நிலைகொள்ளாமைக்கு அவ்வளவாகக் கேட்காது. அதனால் "பேசிடேன்தான் சாப்பிடுகிறானே" என்று விட்டுவிடாதீர்கள். கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொண்டாலோ, காய்ச்சலோடு உடம்பு விறைத்தாலோ அன்றைக்கே அவசரப் பிரிவு.

சந்தேகம் மெதுவாகத்தான் போகும். தூக்கமும் பதற்றமும் முதல் வாரங்களில் அடங்கும். சந்தேகத்துக்கு நாலு முதல் ஆறு வாரம் கொடுக்க வேண்டும், அதுவும் ஒரேயடியாகப் போகாது. முதலில் அதைப் பற்றிப் பேசுவது குறையும், பிறகுதான் நம்புவது குறையும்.

பாளை_மருந்தாளுநர்

ரிஸ்பெரிடோனுக்குப் பதிலா அதே வகை மருந்தான ஓலன்சபின் எழுதினா ஒண்ணு சொல்லுங்க: அவன் பீடி குடிப்பானா, எத்தனை? பீடிப் புகை ஓலன்சபினைக் கல்லீரல்ல சீக்கிரம் கரைச்சுரும். கட்டுக்கட்டா குடிக்கிறவனுக்கு அளவு கூடத் தேவைப்படலாம். அதே ஆள் திடீர்னு பீடியை விட்டா அதே அளவுல நாள் முழுக்கத் தூங்கி வழிவான். இன்னொண்ணு, அதுல பசி பயங்கரமா எடுக்கும். ஆரம்பிக்கிற அன்னைக்கே எடையும் வயித்துச் சுற்றளவும் எழுதி வச்சுக்கிடுங்க. அல்வாவை ஒளிச்சு வைங்கன்னு சொல்ல வரலை, மாசம் ஒரு தடவை எடை பாருங்க.

லித்தியத்துல கவனம் வேற மாதிரி. அளவு மாத்தி 5 முதல் 7 நாள் கழிச்சு, கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் பிறகு ரத்தம் எடுக்கணும். ராத்திரி 9-க்குத் தின்னா காலையில 9-க்கு. எல்லாரும் தப்பு பண்றது இங்கதான்: காலை மாத்திரையைத் தின்னுட்டு லேபுக்குப் போவாங்க, அளவு கூடக் காட்டும், டாக்டர் தேவையில்லாம குறைச்சுருவாங்க. பொதுவா ரத்தத்துல லித்தியம் 0.6-ல இருந்து 1.0 mmol/L வரைக்கும் எதிர்பார்ப்பாங்க.

கடையம்_ரயிலடி

காலை மாத்திரையைத் தின்னுட்டுத்தான் கொடுத்தோம். திரும்ப எடுக்கச் சொல்லுதேன். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போய் ரெண்டு நாள் தங்கணும்னு நேர்ச்சை இருக்கு. விரதமும் உண்டு. கூட்டிட்டுப் போகலாமா?

பாளை_மருந்தாளுநர்

டாக்டர் சரின்னா போகலாம். விரதம்னா சோத்தை விடலாம், தண்ணியையும் உப்பையும் விடக் கூடாது. வேர்த்து ஒழுகி உடம்புல உப்பு குறைஞ்சா, சிறுநீரகம் உப்பைப் பிடிச்சு வைக்கிற வேகத்துல லித்தியத்தையும் சேர்த்துப் பிடிச்சு வச்சுக்கிடும். ரத்தத்துல ஏறிரும். திருச்செந்தூருக்கு நடக்கிறவங்களுக்கும் இதே கதைதான். ராத்திரி மேளத்துக்கு முழிக்க விடாதீங்க, 10 மணிக்குப் படுக்க வைங்க.

கால்வலின்னு டைக்ளோபினாக், ஐபுபுரூபன் வாங்கித் தராதீங்க, ரெண்டும் லித்தியத்தை ஏத்தும். பாரசிட்டமால் போதும். கை பெருசா நடுங்குறது, வாந்தி, வயித்துப்போக்கு, நாக்குக் குழறல், தள்ளாட்டம், இதுல எது வந்தாலும் அடுத்த வேளை லித்தியத்தைக் கொடுக்காம நேரா ஆஸ்பத்திரி. கடைசி மாத்திரை எத்தனை மணிக்குன்னு லேப் சீட்டுலயே எழுதச் சொல்லுங்க.