எங்கள் வீட்டுக் குழு: காணாமல் போன 2ஏபி

அக்கா: தம்பி, வேலை முடிந்ததா? பாப்பாவின் கணக்குத் தாளைப் போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறேன், பார். நிகழ்தகவில் ஒன்று, இயற்கணிதத்தில் ஒன்று, இரண்டும் தப்பு. ராத்திரி சாப்பிடக்கூட வரமாட்டேன் என்கிறாள்.

பாப்பா: மாமா, முதல் கணக்கு தப்பே இல்லை. இரண்டு நாணயத்தைச் சுண்டினால் இரண்டு தலை விழும், இல்லை ஒரு தலை விழும், இல்லை தலையே விழாது. மூன்று வாய்ப்புதானே? ஒரே ஒரு தலை விழ 1/3.

அத்தான்: எனக்கும் சரியாகத்தான் படுகிறது.

நான்: பாப்பா, மூன்று விதம் என்பது சரி. மூன்றுக்கும் சமவாய்ப்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பெரிய ஆட்களே இதில் தடுக்கியிருக்கிறார்கள். தலம்பேர் என்ற பிரெஞ்சுக் கணித மேதை 1754-இல் கலைக்களஞ்சியத்திலேயே எழுதினார்: ஒரு நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழ வாய்ப்பு 2/3 என்று. உண்மையில் 3/4. அவரும் மூன்று விதம் என்று எண்ணி, மூன்றையும் சமமாக எடுத்துக்கொண்டார்.

பாப்பா: அப்படியா!

நான்: ஒரு வேலை செய். ஒரு சின்ன நாணயம், ஒரு பெரிய நாணயம் எடுத்துக்கொள். இரண்டையும் சேர்த்துச் சுண்டி, எது தலை, எது பூ என்று தனித்தனியாக எழுது. நிறைய முறை சுண்ட வேண்டும், பத்தோடு நிறுத்திவிடாதே.

அப்பா: நானும் அவளும் உட்கார்ந்து சுண்டுகிறோம்.

அக்கா: தாத்தாவும் பேத்தியும் கூடத்தை ஆக்கிரமித்துவிட்டார்கள். அது இருக்கட்டும், அந்த இரண்டாவது கணக்கைப் பார்த்தாயா? (ஏ + பி)² என்பதற்கு ஏ² + பி² என்று எழுதியிருக்கிறாள். முற்றொருமையைப் பத்துத் தடவை எழுதிப் பார் என்று சொல்லியிருக்கிறேன்.

நான்: எழுத வைக்காதே அக்கா. நாளைக்கு மறந்துவிடும். எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல். 3 + 4 = 7, அதன் வர்க்கம் 49. ஆனால் 9 + 16 = 25. மீதி 24 எங்கே போனது என்று அவளே தேடட்டும்.

பாப்பா: மாமா, சுண்டிவிட்டோம். ஒரு தலை விழுந்தது பாதிக்குக் கிட்டே வருகிறது! இரண்டு தலை கால்வாசி மாதிரி, தலையே இல்லாததும் அப்படித்தான்.

நான்: ஏன் என்று உன் பட்டியலைப் பார்த்துச் சொல்.

பாப்பா: சின்னது தலை, பெரியது பூ. அப்புறம் சின்னது பூ, பெரியது தலை. இரண்டுமே “ஒரு தலை”தான். அப்போ மொத்தம் நான்கு. விடை 2/4, அதாவது 1/2.

நான்: அருமை. கூறுவெளி என்று பாடத்தில் சொல்வது இந்த நான்கைத்தான். வகுப்பதற்கு முன்னால் அதை ஒன்று விடாமல் எழுத வேண்டும். பின்னம் போடுவது கடைசி வேலை, சுலபமான வேலை. இப்போது ஒரு சதுரம் வரை. ஒவ்வொரு பக்கத்தையும் ஏ ஒரு துண்டு, பி ஒரு துண்டாகப் பிரித்துக் குறுக்கும் நெடுக்கும் கோடு போடு. எத்தனை கட்டம்?

பாப்பா: நான்கு. ஏ², பி². மற்ற இரண்டும் நீள் கட்டம், ஒவ்வொன்றும் ஏபி.

பாப்பா: 3 × 4 = 12. இரண்டு சேர்ந்தால் 24!! காணாமல் போனது அதுதான்.

பாப்பா: மாமா இருங்கள். ஏ-க்குப் பதில் தலை, பி-க்குப் பதில் பூ என்று எழுதினால் நாணயக் கணக்கும் இதே கட்டம்தானே?

நான்: அதேதான். (த + பூ)² = த² + 2தபூ + பூ². அந்த 2 ஏன் வருகிறது என்று இனி உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். உன் தாளில் இருப்பது இரண்டு தப்பு இல்லை, ஒரே தப்பு. பாடங்களைத் தனித்தனி அலமாரியில் வைத்துவிடுவதால் இது யார் கண்ணிலும் படுவதில்லை. எனக்கு அதில் ரொம்ப நாளாக வருத்தம் உண்டு.

அத்தான்: அப்போ மூன்று நாணயம் என்றால்?

பாப்பா: (த + பூ)³ அப்பா. விரித்தால் மூன்று தலைக்கு 1, இரண்டு தலைக்கு 3, ஒரு தலைக்கு 3, தலையே இல்லாததற்கு 1. மொத்தம் 8. சரியாக இரண்டு தலை விழ 3/8.

அக்கா: பத்துத் தடவை எழுத வேண்டாம். வந்து சாப்பிடு முதலில்.

நான்: சாப்பிட்டுவிட்டு இதைப் பார் பாப்பா. மூன்று பகடை உருட்டினால் கூட்டுத்தொகை 9 வர எண்கள் சேரும் விதம் ஆறு. 10-க்கும் ஆறு. ஆனால் சூதாடிகள் 10 தான் அதிகம் விழுகிறது என்று கண்டிருந்தார்கள். கலிலியோ இதற்கு விளக்கம் எழுதி வைத்திருக்கிறார். அதைத் தேடாமல் நீயே போட்டுப் பார்.

அப்பா: பகடை எடுத்து வைத்திருக்கிறேன்.

பாப்பா: பகடை வேண்டாம் தாத்தா, எழுதியே பார்த்துவிட்டேன். 1, 2, 6 என்றால் ஆறு விதமாக இடம் மாறும். 1, 4, 4 என்றால் மூன்று. ஆனால் 9-இல் 3, 3, 3 இருக்கிறது, அது ஒரே விதம்தான். கூட்டினால் 9-க்கு 25, 10-க்கு 27. மொத்தம் 216-இல்.

நான்: சரி. இதைத் தாளின் பின்பக்கம் முழுதாக எழுதி, நாளைக்கு உங்கள் டீச்சரிடம் காட்டு.