கொரோனா தடுப்பூசி போட்டவர் இரத்தத்தை அதிவேகக் கேமராவில் பார்ப்பதால் பயன் உண்டா?

குமரன்: டோக்கியோ பல்கலைக்கழகக் குழு 2021இல் 110 கொரோனா நோயாளிகளின் இரத்தத்தை நுண்குழாயில் ஓடவிட்டு, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை (பிளேட்லெட்) ஓட்டத்திலேயே படம்பிடித்தது. ஏறக்குறைய 90% பேரிடம் தட்டணுக் கொத்துகள் அளவுக்கு மீறி இருந்தன. நோய் கடுமையானவர்களிடம் இன்னும் அதிகம். இதே கருவியால் தடுப்பூசி போட்டவர்களையும் பார்த்துவிட்டால் மக்களின் பயம் தீரும்.

மருதம்: தீராது, கூடும். ஆஸ்ட்ராசெனகா ஊசிக்குப் பின் சிலருக்கு வந்த இரத்த உறைவின் காரணத்தைச் சொன்னது கேமரா இல்லை. பிஎஃப்4 என்ற புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் தட்டணுக்களைத் தூண்டிவிடுகிறது என்று 2021 ஏப்ரலில் எழுதியவர்கள் ஜெர்மனி, நார்வே மருத்துவர்கள். அதுவும் லட்சத்தில் ஒருவர் என்ற அளவில் வருவது. ஐம்பது பேரைப் படமெடுத்து அதைப் பிடித்துவிடுவீர்களா?

குமரன்: அந்த ஒருவரைப் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லையே. ஒரே ஆளிடம் ஊசிக்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிடலாம். சாதாரண இரத்தப் பரிசோதனை தட்டணு எத்தனை என்று மட்டும் சொல்லும். எத்தனை ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன, நடுவில் வெள்ளணு சிக்கியிருக்கிறதா என்பதெல்லாம் படத்தில்தான் தெரியும்.

லேப்காரி: குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். இரத்தம் உறையாமல் இருக்க இடிடிஏ என்ற வேதிப்பொருள் சேர்த்த குழாயில் சிலருடைய தட்டணுக்கள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். மெஷின் 40,000 என்று காட்டி வீட்டார் பதறுவார்கள். சிட்ரேட் என்ற வேறு உறைதடுப்பான் உள்ள குழாயில் மறுபடி எடுத்தால் இரண்டு லட்சம் இருக்கும். நரம்பு கிடைக்காமல் ஊசியால் துழாவினாலும் கொத்து வரும். எந்தக் குழாய், எடுத்து எத்தனை மணி நேரம் என்று சொல்லாத படத்தை நம்பாதீர்கள்.

மருதம்: கேட்டீர்களா? அந்தப் படம் வாட்ஸ்அப்புக்குப் போனால் குழாயைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்?

குமரன்: வாட்ஸ்அப்புக்குப் பயந்து ஆய்வையே விடுவதா? ஒப்பிட, மருந்தில்லாத வெறும் உப்புநீர் ஊசி போட்ட ஒரு குழுவையும் சேர்க்கட்டும். படத்தைப் பிரிப்பவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியாமல் இருக்கட்டும்.

மருதம்: சரி, அப்படி ஒன்று வந்தால் படிக்கிறேன். ஆனால் கொத்து கொஞ்சம் கூடியிருந்தால், அது ஊசிக்குப் பின் வரும் காய்ச்சலோடு வந்த அழற்சியா, உறைவின் தொடக்கமா? பிரித்துப் பார்க்க டி-டைமர் என்ற இரத்தச் சோதனையும் பிஎஃப்4 சோதனையும்தானே வேண்டும்? அப்புறம் கேமரா எதற்கு?

குமரன்: டி-டைமர், உறைந்தது கரையும்போது ஏறுவது. நான் பார்க்க விரும்புவது அதற்கு முந்தைய கட்டத்தை.