ஆயில் ரிப்போர்ட்டில் இரும்பு அப்படியே இருக்கு, பிக்யூ (ஆயிலில் உள்ள இரும்புத் துகளைக் காந்தத்தால் அளக்கும் எண்) மட்டும் எகிறியிருக்கு. பயப்படணுமா?

கிண்டி_காற்றாடி:
வணக்கம். ஆரல்வாய்மொழிப் பக்கம் நிற்கும் பதினொரு காற்றாலைகளின் கியர்பாக்ஸ் ஆயில் ரிப்போர்ட்டை கிண்டியில் உட்கார்ந்து பார்ப்பது என் வேலை. ஏழாம் நம்பர் தூக்கத்தைக் கெடுக்கிறது. விஸ்காசிட்டி (கெட்டித்தன்மை) 320 சுமார் இருக்க வேண்டிய விஜி 320 சிந்தெடிக் ஆயில், வந்திருப்பது 316, அதில் வம்பில்லை. இரும்பு போன தடவை 38 பிபிஎம் (பத்து லட்சத்தில் 38 பங்கு), இப்போது 41. ஆனால் பிக்யூ 22லிருந்து 140க்குப் போயிருக்கிறது! மேனேஜர் "இரும்பு ஏறலையே, லேப்தான் சொதப்பியிருக்கும்" என்கிறார். வைகாசி பிறக்கப் போகிறது, காற்று பிடித்த பிறகு மெஷினை நிறுத்தினால் ஓனர் என்னைத்தான் கேட்பார்.

கிரீஸ்_கை:
தம்பி, அந்த இரும்புக் கணக்கு ஸ்பெக்ட்ரோமீட்டரில், அதாவது ஆயிலை எரித்து வரும் ஒளியைப் பார்த்து அளக்கும் கருவியில் வருவது. அதன் கண்ணுக்குப் பொடிதான் தெரியும், ஐந்து முதல் எட்டு மைக்ரானுக்கு மேல் போனால் சரியாக எரியாது, கணக்கிலும் வராது. பிக்யூ காந்தத்தை வைத்து அளப்பது, துகள் பெரிசோ சின்னதோ மொத்த இரும்பும் அதில் விழும். ஒன்று நிற்க இன்னொன்று ஏறினால், சாதாரணத் தேய்மானம் இல்லை, பேரிங்கோ கியர் பல்லோ செதில் செதிலாக உதிர்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மேனேஜர் பார்ப்பது பாதி ரிப்போர்ட். அது போகட்டும், சாம்பிள் எங்கே எடுத்தது?

ஆடி_வந்தால்_ஓட்டம்:
இதெல்லாம் வீண் பயம். அடிவண்டல் வந்திருக்கும், விடுங்க.

கிண்டி_காற்றாடி:
டெக்னீஷியனுக்குப் போன் போட்டேன். காற்றில்லாமல் ராத்திரி முழுக்க நின்ற மெஷின், காலையில் அடியில் இருக்கும் டிரெயின் காக்கைத் (ஆயிலை வடிக்கும் குழாயை) திறந்து முதலில் வந்த ஆயிலையே பிடித்திருக்கிறார். லேப் பாட்டில் தீர்ந்துபோனதால் தண்ணி பாட்டிலில்.

கிரீஸ்_கை:
நல்லா இருக்கு! அப்படியானால் மேலே சொன்னவர் பேச்சிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் வண்டலில் செதில் இருந்தால் அதுவும் எங்கிருந்தோ உதிர்ந்ததுதானே? மெஷின் ஓடி ஆயில் சூடான பிறகு, ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் வால்விலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். வால்வில் தேங்கியதை முதலில் ஓடவிட்டுக் கொட்டிவிட்டு, அப்புறம் சுத்தமான பாட்டிலில் முக்கால் அளவு. டவரில் ஏறினதோடு ஃபில்டரையும் கழற்றி வெட்டிப் பாருங்கள். லேப் சொல்லாததை அது சொல்லும்.

கிண்டி_காற்றாடி:
பத்து நாள் ஆச்சு, சொல்லாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். சூடான சாம்பிளில் பிக்யூ 61, இரும்பு 40. மேனேஜர் "பார்த்தியா, குறைஞ்சிடுச்சு" என்றார். ஃபில்டர் மடிப்பை வெள்ளைத் துணியில் உதறி, துணிக்கு அடியில் காந்தத்தை நகர்த்தினால் செதில்கள் கூடவே ஊர்கின்றன. பெரியது கடுகு அளவு, ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு.

கிரீஸ்_கை:
வழவழப்பான பக்கம் பேரிங் உருளும் பாதை. அது பெயர்ந்து வருகிறது. போரோஸ்கோப் (உள்ளே விட்டுப் பார்க்கும் குழாய்க் கேமரா) விடுங்கள், ஜெனரேட்டரைச் சுற்றும் ஹைஸ்பீடு ஷாஃப்டிலிருந்து ஆரம்பியுங்கள்.

கிண்டி_காற்றாடி:
விட்டாச்சு அண்ணா. ஹைஸ்பீடு ஷாஃப்டின் ஜெனரேட்டர் பக்கத்து பேரிங், உள் வளையத்தில் நகக்கண் அளவுக்குப் பள்ளம். நல்லவேளை, இந்த மாடலில் கிரேன் இல்லாமல் மேலேயே மாற்றிவிடலாம். பேரிங்குக்கு ஆர்டர் போட்டாச்சு, வரும்வரை பவரைக் குறைத்து ஓட்டுகிறோம். தண்ணி பாட்டில் விஷயமாக டெக்னீஷியனிடம் இன்னும் வாய் திறக்கவில்லை, வெயிலில் ஏறி ஃபில்டரை வெட்டிக் கொடுத்ததும் அவர்தான்.