கால் புண்ணுக்குக் கொலாஜன் கட்டு: பாவித்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. அப்பாவுக்குச் சீனி வருத்தம். வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, ஐந்து ரூபாய்க் குத்தியளவில் ஒரு புண். மாதக்கணக்காக ஆறவில்லை. சேலைன் விட்டுக் கழுவித்தான் மருந்து கட்டுகிறோம். இரத்த ஓட்டம் பரவாயில்லை, எலும்புக்குக் கிருமி போகவில்லை என்று கிளினிக்கில் சொன்னார்கள். சரி, அடுத்து என்ன என்றால், தெரிந்தவர்கள் எல்லாரும் கொலாஜன் கட்டு என்கிறார்கள், அதாவது தோலில் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தில் செய்து புண்மேல் வைக்கிற தாள்.

வெறும் கொலாஜன் தாள் இருக்கிறது, வெள்ளி சேர்த்தது இருக்கிறது, செலுலோஸ் (தாவர நார்ப்பொருள்) கலந்த புரோமோகிரான் என்ற தாளும் இருக்கிறது. ஆறாத புண்ணில் அளவுக்கு மிஞ்சி ஊறும், புரதத்தைச் சிதைக்கும் நொதிகளைக் கொலாஜன் இழுத்துக்கொள்ளும், புதுத் தசை வளர வழி கிடைக்கும் என்பதுதான் கணக்கு. ஆனால் 2023இல் வந்த சர்வதேச நீரிழிவுப் பாத வழிகாட்டலோ, புண்ணை ஆற்றுவதற்கென்று இதைப் பாவிக்க வேண்டாம் என்கிறது. அதனால்தான் காசைக் கொட்டுமுன் கேட்கிறேன்.

இன்னொரு சிக்கல், இது பெரும்பாலும் மாட்டிலோ பன்றியிலோ இருந்து எடுப்பது. அப்பா சுத்த சைவம். மாடு என்று தெரிந்தால் காலையே நீட்ட மாட்டார். மீன் கொலாஜனில் செய்தது யாராவது பாவித்தீர்களா?

திருகோணமலையில் எந்தப் பார்மசியில் கிடைக்கும், இல்லை கொழும்பிலிருந்துதான் எடுப்பிக்க வேண்டுமா? தாள் என்ன விலை, எத்தனை நாளுக்கொருமுறை மாற்றினீர்கள்? பிறகு, புண்ணில் பாரம் விழாத செருப்பு செய்பவர்கள் இந்தப் பக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். கோணேசர் கோயிலுக்கு வெறுங்காலோடு ஏறுகிற மனிதருக்கு எந்தக் கட்டைப் போட்டு என்ன?

மஞ்சள் பூசச் சொல்பவர்கள் மன்னிக்கவும்.