நைட்ரோ பக்கிக்கு எந்த ட்யூன்டு பைப்?

கேள்வி:
என்னுடையது 1/8 அளவு நைட்ரோ பக்கி (நைட்ரோ எரிபொருளில் ஓடும் ரிமோட் கண்ட்ரோல் கார்), 3.5 சிசி இன்ஜின். நேர் ஓட்டத்தில் பறக்கிறது. ஆனால் எங்கள் மண் டிராக்கில் வளைவுகள் அதிகம். வளைவு முடிந்து த்ராட்டில் கொடுத்தால் ஒரு கணம் திணறிவிட்டுத்தான் கிளம்புகிறது. குட்டை ஹெடரும் (இன்ஜினையும் பைப்பையும் இணைக்கும் குழாய்), அதிக ஆர்பிஎம்முக்கான (சுழல் வேகம்) ட்யூன்டு பைப்பும் (புகைக்குழாய்) போட்டிருக்கிறேன். என்ன மாற்றலாம்?

பதில் 1:
பைப்பை விடுங்கள், முதலில் ஹெடரை மாற்றுங்கள். புகையோடு போகும் அழுத்த அலை, பைப்பின் பின்பக்கக் குறுகலில் மோதித் திரும்பி வந்து, வெளியே நழுவிய புதுக் காற்று-எரிபொருள் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. எக்ஸாஸ்ட் போர்ட் (புகை வெளியேறும் துளை) மூடுவதற்குச் சற்று முன் அது வந்து சேர வேண்டும். வழி நீளமானால் அலை தாமதமாக வரும். குறைந்த ஆர்பிஎம்மிலேயே கணக்கு சரியாகும். உங்கள் டிராக்குக்கு நீள ஹெடர்தான்.

பதில் 2:
ஹெடர் இணைப்பில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா? எரிபொருள் டேங்குக்கு அழுத்தம் பைப்பிலிருந்துதான் போகிறது. கசிந்தால் அழுத்தம் குறைந்து, கலவையில் எரிபொருள் மெலிந்து இன்ஜின் சூடேறும். எனக்கு அப்படித்தான் ஒரு பிஸ்டன் போனது.

கேள்வி கேட்டவர்:
பார்த்தேன், பின் ஷாக் டவர் (ஷாக் அப்சார்பரைத் தாங்கும் தட்டு) முழுக்கப் பிசுபிசுவென்று எண்ணெய். கேஸ்கெட் ஒரு பக்கம் பிய்ந்திருக்கிறது. அதை மாற்றிவிட்டு, அப்புறம் நீள ஹெடர் போடுகிறேன்.

பதில் 1:
சரி. போட்டதும் நீடிலை (எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் திருகு) கொஞ்சம் திறந்து வைத்து, புதிதாக ட்யூன் செய்யுங்கள். ஹெட் சூடு 110 டிகிரி செல்சியஸ் பக்கம் நிற்கட்டும்.