ஸ்காட்லாந்தில் மறுபடி வாக்கெடுப்பு வந்தால் நம்ம ஊர்ப் பிள்ளைகள் எதைப் பார்த்து ஓட்டுப் போடணும்?

தொட்டபெட்டா:
ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கத்திலிருந்து நர்ஸ் வேலைக்கும் படிப்புக்கும் போனவர்கள் ஸ்காட்லாந்தில் இருக்கிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே அங்கே ஓட்டுப் போடலாம் என்பது பல பேருக்குத் தெரியாது. காமன்வெல்த் நாட்டுக்காரர், முறையான விசாவோடு அங்கே குடியிருக்கிறார் என்றால் போதும். ஸ்காட்லாந்து பிரிட்டனை விட்டுப் பிரிவதா என்ற 2014 செப்டம்பர் 18 சுதந்திர வாக்கெடுப்பிலும் இந்த உரிமை இருந்தது, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதா என்ற 2016 ஜூன் 23 பிரெக்ஸிட் வாக்கெடுப்பிலும் இருந்தது.

2014-ல் பிரிய வேண்டாம் என்றவர்கள் 55.3 சதவீதம், பிரியணும் என்றவர்கள் 44.7. அடுத்த வாக்கெடுப்புக்கு லண்டன் பார்லிமென்ட் சம்மதம் வேண்டும் என்று 2022 நவம்பர் 23-ல் வழக்கைக் கேட்ட பிரிட்டிஷ் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஐந்து பேரும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் நாளைக்கே வந்துவிடாது. வந்தால் எதைப் பார்த்து முடிவு செய்வது? யார் தேசபக்தர் என்ற பஞ்சாயத்து இங்கே வேண்டாம். கணக்கும் சட்டமும் பேசுங்கள்.

குன்னூர்க்காரன்:
என் ஓட்டு என்றால் 'வேண்டாம்'தான். காரணம் ஒன்றே ஒன்று, நாணயம்.

பிரிந்தால் மூன்று வழி. லண்டனோடு பேசி பவுண்டைப் பங்கு போட்டுக்கொள்வது ஒன்று. 2014 பிப்ரவரியிலேயே கன்சர்வேட்டிவ், லேபர், லிபரல் டெமாக்ரட் மூன்று கட்சியும் சேர்ந்து அது முடியாது என்று சொல்லியாகிவிட்டது. இரண்டாவது, யாரையும் கேட்காமல் பவுண்டையே புழங்குவது. புழங்கலாம், தடுக்க முடியாது. ஆனால் ஒரு வங்கி தடுமாறினால் பணம் அச்சடித்துக் கைகொடுக்க மத்திய வங்கி இருக்காது. 2008, 2009-ல் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தைக் காப்பாற்ற பிரிட்டிஷ் அரசு போட்டது சுமார் 4,500 கோடி பவுண்டு. அதே வங்கி 2014 வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்னால், பிரிவினை ஜெயித்தால் பதிவு அலுவலகத்தை இங்கிலாந்துக்கு மாற்றிவிடுவேன் என்று அறிவித்தது. மூன்றாவது சொந்த நாணயம்.

சொந்த நாணயம் வந்தால் ஒரு நர்ஸ் வீட்டில் என்ன ஆகும் என்று பாருங்கள். வீட்டுக் கடன் பவுண்டில் எழுதினது. மாதத் தவணை 900 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் 2,400, ஆனால் புது ஸ்காட்டிஷ் நாணயத்தில். புது நாணயம் பவுண்டுக்கு எதிராக 10 சதவீதம் இறங்கினால் அதே 900 பவுண்டுத் தவணைக்குப் புது நாணயத்தில் 1,000 கட்டணும். சம்பளம் மட்டும் 2,400-லேயே நிற்கும். கடன் பத்திரத்தில் எந்த நாணயம் எழுதியிருக்கிறதோ அதுதான் கடன். அரசு சட்டம் போட்டு மாற்றப் பார்த்தால் கடன் கொடுத்த இங்கிலாந்து வங்கி கோர்ட்டுக்குப் போகும்.

கதை இல்லை, நடந்ததுதான். செக்கோஸ்லோவாக்கியா 1993 ஜனவரி 1-ல் பிரிந்தது. கொஞ்ச நாளைக்குப் பொது நாணயமே ஓடட்டும் என்று ஒப்பந்தம். ஸ்லோவாக் நாணயம் விழும் என்று நினைத்தவர்கள் பணத்தை செக் வங்கிகளுக்கு மாற்றினார்கள். ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை, பிப்ரவரி 8-ல் பொது நாணயம் முடிந்தது. புது நோட்டு அச்சடிக்க நேரமில்லாமல் பழைய நோட்டில் ஸ்டாம்பு ஒட்டினார்கள். ஒரே நோட்டு, எந்த ஸ்டாம்பு இருக்கிறதோ அந்த நாட்டுப் பணம்.

எமரால்டு:
குன்னூர்க்காரன் அண்ணா, ஓட்டம் பிடித்த உதாரணத்தை மட்டும் எடுத்தால் எப்படி? அயர்லாந்து 1922-ல் பிரிந்தது. 1928 வரைக்கும் பிரிட்டிஷ் பவுண்டையே புழங்கியது. அப்புறம் சொந்தப் பவுண்டு போட்டு, ஒன்றுக்கு ஒன்று என்று 1979 வரைக்கும் கட்டி வைத்திருந்தது. சிங்கப்பூர் 1965 ஆகஸ்ட் 9-ல் மலேசியாவை விட்டு வெளியே வந்தது. நாணயம் பிரிந்தது 1967-ல்தான், அதற்குப் பிறகும் 1973 வரை இரண்டும் சரிக்குச் சரி செல்லுபடியானது. பிரிந்தால் நாணயம் விழும் என்பது விதி இல்லை. எவ்வளவு கையிருப்பு, எவ்வளவு அவசரம் என்பதைப் பொறுத்தது.

எனக்கு 'வேண்டும்' பக்கம்தான் நியாயம் தெரிகிறது. 2014-ல் 'வேண்டாம்' பக்கம் சொன்ன பெரிய பயமுறுத்தல் என்ன? பிரிந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே போய்விடுவீர்கள் என்பது. ஐரோப்பிய ஆணையத் தலைவர் பரோசோவே திரும்ப உள்ளே வருவது மிகக் கடினம், ஏன் முடியாமலே போகலாம் என்ற அளவுக்குப் பேசினார். அதை நம்பி இருந்துவிட்டார்கள். இரண்டே வருஷம். 2016-ல் ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் ஒன்றியத்தில் இருக்கணும் என்று போட்டும், மொத்தக் கணக்கில் 51.9 வெளியேறு என்று வந்ததால் ஸ்காட்லாந்தும் வெளியே. பிரிவதில் ஆபத்து என்று எழுதுகிறவர்கள் இருப்பதில் உள்ள ஆபத்தையும் அதே தாளில் எழுதணும். 'வேண்டாம்' என்று போட்டால் இன்றைய நிலை அப்படியே இருக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை.

லவ்டேல் வாத்தியார்:
இரண்டு பேரும் முடிவைப் பேசுகிறீர்கள். நான் கேள்வித்தாளைப் பேசுகிறேன்.

பாகப்பிரிவினை எழுதும்போது என் பங்கில் என்ன பயிர் வைப்பேன் என்பதை நானே சொல்லலாம், பொதுப் பாதையும் ஊற்றுத் தண்ணியும் எப்படி என்பதை அண்ணன் தம்பி எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் சொல்ல முடியும். பிரிவினைப் பிரசார அறிக்கையையும் அப்படித்தான் இரண்டு நிறத்தில் கோடு போட்டுப் படிக்கணும். பள்ளிக்கூடம், வரி விகிதம், குடியுரிமைச் சட்டம், இதெல்லாம் புது நாடு தானே முடிவு செய்யலாம். பவுண்டு, கடன் பங்கு, எல்லைச் சோதனை, ஓய்வூதிய பாக்கி, இதற்கெல்லாம் லண்டன் கையெழுத்து வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர அதன் ஒப்பந்தத்தின் 49-வது பிரிவின்படி அத்தனை உறுப்பு நாடுகளும் ஒப்ப வேண்டும். 2013 நவம்பரில் ஸ்காட்லாந்து அரசு போட்ட 670 பக்க அறிக்கையில் இரண்டாம் வகையெல்லாம் முதல் வகை மாதிரி எழுதியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வாரம் 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம் என்று பிரெக்ஸிட்காரர்கள் பஸ்ஸில் எழுதினார்களே, அதுவும் இதே வித்தைதான். பிரிட்டனுக்குக் கிடைத்து வந்த தள்ளுபடியைக் கழிக்காத தொகை அது.

இன்னொன்று, எவ்வளவு ஓட்டு போதும் என்பது. 50 சதவீதத்துக்கு ஒரு ஓட்டு கூட வந்தால் ஒரு நாடு உடையலாமா? மாண்டினீக்ரோவில் 2006-ல் 55 சதவீதம் வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் நிபந்தனை போட்டது, 55.5 வந்தது, செர்பியாவும் மறுபேச்சு இல்லாமல் ஏற்றுக்கொண்டது. கியூபெக்கில் 1995-ல் 50.58-க்கு 49.42 என்று பிரிவினை தோற்றது. அதற்குப் பிறகு கனடா 2000-ல் கேள்வியும் தெளிவாக இருக்கணும், பெரும்பான்மையும் தெளிவாக இருக்கணும் என்று சட்டமே போட்டது. 55 என்று வைத்தால் முடிவு நிற்கும்.

எமரால்டு:
வாத்தியாரே, உயர்ந்த வரம்பு வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஸ்காட்லாந்திலேயே பாடம் இருக்கிறது. 1979-ல் தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்று கேட்டார்கள். போட்டவர்களில் 51.6 சதவீதம் ஆம். ஆனால் மொத்த வாக்காளரில் 40 சதவீதம் ஆம் சொல்லணும் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். 32.9-தான் வந்தது, திட்டம் போச்சு. ஓட்டுப் போட வராதவர்கள்கூட 'இல்லை' கணக்கில் சேர்ந்தார்கள். அந்தக் கோபம் அடுத்த இருபது வருஷ அரசியலை ஓட்டியது. பிரெக்ஸிட்டுக்கு மட்டும் 50 போதும், ஸ்காட்லாந்துக்கு 55 வேண்டும் என்றால் எந்த ஊர் நியாயம்?

லவ்டேல் வாத்தியார்:
பிரெக்ஸிட்டுக்கும் 55 வைத்திருக்கணும் என்பதுதான் என் கட்சி. வைத்திருந்தால் இந்தத் திரியே இருந்திருக்காது. 40 சதவீத விதி தப்பு, ஒப்புக்கொள்கிறேன். வராதவனை எதிராளியாக எண்ணக்கூடாது.

கூடலூர் தேவி:
நாணயம், வரம்பு எல்லாம் பேசுறீங்க. ஆளோட காகிதம் என்ன ஆகும்னு யாரும் கேக்கலையே?

நம்ம கூடலூர், பந்தலூர், கோத்தகிரியில டான்டீ (அரசு தேயிலைத் தோட்டக் கழகம்) லைன் வீடுகள்ல இருக்கிற, இலங்கையிலிருந்து திரும்பி வந்த சனங்களுக்கு இது தெரியும். இலங்கை சுதந்திரம் 1948 பிப்ரவரி 4. அதே வருஷம் நவம்பர்ல குடியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்திச்சு. 1947 தேர்தல்ல ஓட்டுப் போட்ட தோட்டத் தமிழருக்கு 1952 தேர்தல்ல பட்டியல்ல பேரே இல்ல. அப்புறம் 1964 அக்டோபர்ல சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டாங்க. 9,75,000 பேர்ல இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பிறகு பாத்துக்கலாம்னு. அந்த மிச்சத்தை 1974-ல ஆளுக்குப் பாதி பிரிச்சாங்க. அந்த சனங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல. முதல்ல நாடு, பிறகு காகிதம்னு விட்டா இப்படித்தான்.

அதனால ஸ்காட்லாந்துல இருக்கிற பிள்ளைக்கு நான் சொல்றது இது. விசா கொடுத்தது லண்டன் உள்துறை. நிரந்தரக் குடியிருப்பு அனுமதி கொடுத்ததும் அவங்கதான். பிரிஞ்ச அன்னைக்கு அந்த அனுமதியைப் புது நாடு அப்படியே ஏத்துக்குமா, இல்ல மறுபடி மனு போடணுமா? ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவுல இருக்கிற பிள்ளை இங்கிலாந்துல இருக்கிற நியூகாசில் ஆஸ்பத்திரிக்கு மாறினா வேலை அனுமதி வேணுமா? நர்ஸ் பதிவு வைச்சிருக்கிற கவுன்சில் முழு பிரிட்டனுக்கும் ஒண்ணுதான், பிரிஞ்சா புதுப் பதிவா, பழையதே செல்லுமா? இதுக்கு வாக்கெடுப்புக்கு முன்னாடியே சட்ட வரைவுல எழுத்து இருக்கணும். மேடையில சொன்னது எழுத்து ஆகாது. எழுத்து இல்லன்னா 'வேண்டாம்'.

எமரால்டு:
தேவி அக்கா சொல்வது இங்கே கனமான பேச்சு. ஆனால் அதே அளவுகோலை லண்டன் மேலும் வையுங்கள். 2016-ல் பிரிட்டனில் பல வருஷம் வாழ்ந்த ஜெர்மன்காரருக்கும் போலந்துக்காரருக்கும் ஓட்டு இல்லை. தங்குவதற்கே மனு போடு, கடைசித் தேதி 2021 ஜூன் 30 என்றார்கள். ஸ்காட்லாந்து சட்டமன்றம் 2020-ல் தன் தேர்தலில் முறையாகக் குடியிருக்கும் எந்த நாட்டுக்காரருக்கும் ஓட்டு கொடுத்தது. 1948 கொழும்போடு ஒப்பிட வேண்டியது எடின்பரோவையா?

கூடலூர் தேவி:
ஓட்டுரிமை கொடுத்தது நல்லதுதான், இல்லேங்கல. ஓட்டுரிமை வேற, குடியிருக்கிற உரிமை வேற. 1947-ல நம்ம ஆளுங்களுக்கும் ஓட்டு இருந்திச்சு.

கோத்தகிரி இலை:
குறுக்கே வந்ததுக்கு மன்னிக்கணும். ஸ்காட்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தால் நம்ம தேயிலைக்கு என்ன?

குன்னூர்க்காரன்:
பெரிசாக ஒன்றும் இல்லை. மூட்டையில் போகும் கறுப்புத் தேயிலைக்கு ஐரோப்பாவில் வரி பூஜ்யம். தொந்தரவு வரியில் இல்லை, தூளில் தங்கும் பூச்சிமருந்து, ரசாயன எச்சத்தில்தான். ஒன்றியத்தில், விறகுப் புகையிலும் இருக்கும் ஆந்த்ராகுயினோன் என்ற ரசாயனத்துக்கு வரம்பு கிலோவுக்கு 0.02 மில்லிகிராம். விறகு எரிக்கும் டிரையரில் ஹீட்டர் குழாய் ஓட்டை விழுந்தால் புகை காற்றோடு கலந்து தூளில் ஏறும், சரக்கு அங்கே மாட்டிக்கொள்ளும். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸுக்கு ஒரு வரம்புப் பட்டியல், வட அயர்லாந்துக்கு மட்டும் ஐரோப்பியப் பட்டியல். ஸ்காட்லாந்து உள்ளே போனால் அதுவும் ஐரோப்பியப் பட்டியலுக்கு மாறும். எந்த வாக்கெடுப்பு வந்தாலும் குழாயைப் பாருங்கள்.

எமரால்டு தம்பிக்கு இன்னொரு கணக்கு. அந்த 670 பக்க அறிக்கை எண்ணெய் பீப்பாய் சுமார் 110 டாலர் என்று போட்டுக் கணக்கு எழுதியது. சுதந்திர நாள் 2016 மார்ச் 24 என்று தேதியும் குறித்தது. 2016 ஜனவரியில் எண்ணெய் 30 டாலருக்குக் கீழே போனது. புது நாடு பிறந்த மாதமே பட்ஜெட்டில் ஓட்டை. சமீப வருஷங்களில் ஸ்காட்லாந்து அரசே வெளியிடும் கணக்கில் பற்றாக்குறை மொத்த உற்பத்தியில் 10 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு 3. வெளியே விற்கும் சரக்கும் சேவையும் சேர்ந்து சுமார் 60 சதவீதம் பிரிட்டனின் மற்ற பகுதிக்கே போகிறது. ஐரோப்பாவில் சேர்ந்தால் அதில் சரக்குக்கு நடுவில் சுங்கச் சாவடி வரும்.

எமரால்டு:
எண்ணெய் கணக்கு தப்பு, அதில் வாதமே இல்லை. 10 சதவீதக் கணக்கில் லண்டன் செய்யும் பாதுகாப்புச் செலவிலும் பழைய கடன் வட்டியிலும் ஒரு பங்கு சேர்த்து எழுதியிருக்கிறது. தனி நாடு அதே செலவைச் செய்யும் என்று யார் சொன்னது? முழுசாக மறைந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை, பாதிக்கு மேல் நிற்கும். 3 சதவீதம் என்பது வாசலைப் பூட்டும் விதியும் இல்லை. குரோஷியா 2013-ல் சேர்ந்தபோது அதைத் தாண்டித்தான் இருந்தது, சேர்ந்த பிறகு ஒன்றியத்தின் கண்காணிப்பில் போட்டார்கள். ஸ்பெயின் தடுக்கும் என்பீர்கள். 2018-ல் அவர்கள் வெளியுறவு அமைச்சர் பொரெல், சட்டப்படி பிரிந்தால் தடுக்க மாட்டோம் என்றார்.

சுங்கச் சாவடிக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. ஆள் போக்குவரத்துக்கு அயர்லாந்து மாதிரி ஏற்பாடு செய்யலாம். சரக்குக்கு முடியாது. அந்த விலையைக் கொடுத்தும் தன் முடிவைத் தானே எடுப்பது மேல் என்று நினைப்பவர்தான் 'வேண்டும்' போடணும்.

குன்னூர்க்காரன்:
முதல் பதிவிலேயே இதைச் சொல்லியிருக்கலாமே தம்பி.

லவ்டேல் வாத்தியார்:
ஓய்வூதியத்தை விட்டுவிட்டீர்கள். முழு அரசு ஓய்வூதியத்துக்கு 35 வருஷப் பங்களிப்பு வேண்டும், குறைந்தது 10. பிரிந்தால் பழைய வருஷங்களுக்கு யார் பணம் கொடுப்பது என்பது பேச்சுவார்த்தைக்கு உட்பட்டது. அதில் தனி உண்டியல் ஏதும் கிடையாது, இன்றைய வரிப்பணத்திலிருந்து இன்றைய முதியவருக்குப் போகிறது. ஆஸ்பத்திரி ஊழியர் ஓய்வூதியமும் அப்படியே. எந்தப் பக்கம் போட்டாலும் பங்களிப்புப் பதிவை இன்றே இறக்கிப் பிடிஎஃப்பாக வைக்கச் சொல்லுங்கள். ஊட்டிக்குத் திரும்பி வந்தால் அந்த ஓய்வூதியம் ஆரம்பத் தொகையிலேயே நிற்கும், இந்தியாவில் வாழ்பவருக்கு வருடாந்திர உயர்வு கிடையாது. அதற்குப் பிரிவினை தேவையே இல்லை, இப்போதே அப்படித்தான்.

தொட்டபெட்டா:
முதலில் பெயர் பட்டியலில் இருக்கணும். 2014-ல் பதிவுக்குக் கடைசி நாள் செப்டம்பர் 2, ஓட்டுக்குப் பன்னிரண்டு வேலை நாள் முன்பு. வாடகை வீடு மாறினவர்கள் புது முகவரியில் மறுபடி பதியணும், பழைய பதிவு கூடவே வராது. இரவு ஷிப்டு இருப்பவர்கள் தபால் ஓட்டுக்குத் தனியாக மனு போடணும், அதற்குக் கடைசித் தேதி வேறு. தேவி அக்கா கேட்ட காகிதக் கேள்விகளைத் தனித் திரியாகப் போடுகிறேன். விசா சட்டம் தெரிந்தவர்கள் அங்கே வாருங்கள்.